வளைவுக்குச் சாட்சி சொன்ன அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ஷிப்ட் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடமிருந்து தைல வாசனை வந்தது. தலைவலி வந்தால் நீங்கள் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். நீங்கள் கண்மூடி ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. ஒரகடம் வரும்வரை மனசுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே வந்தேன்.

வாலாஜாபாத் சாலையில் நம் ஊர்ப் பாதை சேரும் வளைவில் உங்கள் வீட்டுக்காரர் லாரியில் அடிபட்டு இறந்தபோது, நான் தெற்கிலிருந்து வேலைக்கு வந்து உங்கள் மாடி அறையில் குடியேறிய புதிது. அதற்கு முன்பும் அங்கே உயிர்கள் போயிருந்தன. தெருவிளக்கு கேட்டுப் போனால் அதிகாரிகள், "குடிச்சிட்டு வந்து விழறாங்க, நாங்க என்ன பண்றது?" என்பார்கள். குடிகாரச் சாவு என்று பெயர் வைத்தாயிற்று; அப்புறம் சாலையை யார் பார்ப்பார்கள்?

கிராம சபைக்கு அதிகாரி ஒருவர் வந்தார். ஊரார் உங்களைப் பேசச் சொன்னார்கள். "எம் புருசன் சொட்டுகூடத் தொடமாட்டாருன்னு அழுதுகினே சொல்லு, போதும்" என்று சொல்லிக்கொடுத்தும் வைத்தார்கள். நீங்கள் எழுந்தீர்கள். அழவில்லை.

"எங்க வூட்டுக்காரு அன்னிக்கு குடிச்சிருந்தாரு சார். ஆனா அதே வளைவுல செத்த, சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போன அம்மா குடிக்கல. டியூசன் முடிச்சி வந்த புள்ள குடிக்கல. எங்கதைய மட்டும் வச்சி முடிவு பண்ணாதீங்க. பொழுது சாய்ஞ்சதும் அங்க வந்து நின்னு பாருங்க."

 

அன்று மாலையே அந்த அதிகாரி வளைவில் வந்து நின்றார். எதிரே சைக்கிளில் வந்தவர் கிட்டே வந்து மணி அடித்தபிறகுதான் அவர் பதறி விலகினார். அதன்பின் குடியைப் பற்றி அவர் பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு முன்பே விளக்குகள் வந்துவிட்டன.

அன்று மாலை வளைவிலிருந்து வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கேட்டேன்: "அண்ணன் குடிச்சதை ஏங்க்கா சொன்னீங்க? ஊரே பேசுமே."

"பேசட்டும். அவரு குடிச்சதும் நெசம், அங்க இருட்டா கீதுன்றதும் நெசம். ஒண்ண மறைச்சா இன்னொண்ண எவன் நம்புவான்?"

தொழிலாளர் கூட்டங்களில் இப்போது நானும் பேசுகிறேன் அக்கா. எங்களுக்குப் பாதகமான உண்மையை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் குரல் நடுங்குகிறது. கணவரைப் பறிகொடுத்த நீங்கள் அன்று எப்படி நடுங்காமல் நின்றீர்கள்?