மஸ்காவின் கடைவாய்ப்பல்

ஜூன் 3, செவ்வாய்

இல்லை, கடிக்கவில்லை. கடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையைத் திருப்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

மஸ்கா. ஒன்பது வயதுப் பொமரேனியன். வெண்ணெய் நிறம். இரண்டு வருடமாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, என் மடியில் உட்கார்ந்து வாயைத் திறந்து கொடுக்கிறது. துண்டில் சுற்றி, அதன் முதுகை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலால் உதட்டைத் தூக்கி, பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பேன். நாற்பது நிமிடம். ஊசி கிடையாது, மயக்கம் கிடையாது. மும்பை செம்பூரில் எங்கள் நாய் பார்லர் பலகையில் அதைத்தான் பெரிதாக எழுதியிருக்கிறோம். சின்ன நாய்களுக்கு மட்டும்.

இன்று விரல் வலது கன்னத்துக்குப் போனதும் திரும்பிக்கொண்டது. இதுவரை அப்படிச் செய்ததில்லை. கடைவாய்ப்பல் ஓரம் ரத்தம். மார்ச்சிலும் அதே இடத்தில் வந்தது. பஞ்சால் ஒற்றினேன். மடித்தேன். குப்பையில் போட்டேன்.

வெளியே அன்னமேரி ஆன்ட்டி காத்திருந்தார். மஸ்கா அவருடையது. சுத்தம் செய்த பல்லின் போட்டோவைக் காட்டினேன். "ஏ பிள்ள, என் பல்லே இந்த லட்சணத்துல இல்லியே" என்று சிரித்தார்.

சொல்லவில்லை.

ஜூன் 4

ஏன் சொல்லவில்லை?

வேலைக்குச் சேர்ந்த அன்று ரீனாக்கா (பார்லர் அவருடையது) சொல்லிக்கொடுத்த முதல் பாடமே பஞ்சுதான். "ரத்தம் பட்ட பஞ்ச கஸ்டமர் கண்ணுல காட்டாத கோகிலா. நாய் ஜாலியா இருக்கும், அவங்கதான் மயங்கி விழுவாங்க." சிரித்தோம். நானும்தான். இப்போது கை தானாகச் செய்கிறது. ஒற்று, மடி, போடு, போட்டோ எடு.

கலீனாவில், மும்பைப் பல்கலைக்கழகத்தில், இரண்டு வருடம் இலக்கியம் படித்தேன். எதை மறைக்கிறார்கள், ஏன் மறைக்கிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

ஜூன் 7, சனி

அம்மா சந்தில் நின்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரி அத்தையிடம்: "ஆமாக்கா, நாய்க்குப் பல்லுதான் வெளக்கிவிடுதா. நம்ம வீட்டு மனுசன் வெளக்க மாட்டேங்காவ, நாயாவது வெளக்கட்டும்."

உள்ளே அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

ஜூன் 14, சனி

அன்னமேரி ஆன்ட்டியின் போன். மஸ்காவுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதாம். "குளவி கிளவி கொட்டியிருக்குமோ? அன்னிக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

நல்லாத்தான் இருந்துச்சு என்றேன்.

பொய் இல்லை. வெள்ளையாக இருந்தது.

எந்தக் கண் என்று கேட்டேன். வலது.

ஜூன் 15, ஞாயிறு

திலக் நகரில் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் வைத்துவிடலாம், அதனால்தான் போனில் சொல்லவில்லை.

ஆன்ட்டி மாதா கோயிலிலிருந்து வந்து புடவைகூட மாற்றவில்லை. நின்றபடியே சொன்னேன். ரத்தம் பார்த்தேன், சொல்லவில்லை.

"எத்தன தடவ?"

"ரெண்டு தடவ ஆன்ட்டி. மார்ச்லயும்."

"பஞ்சு எங்க?"

"குப்பைல போட்டேன்."

முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவர். குரலை உயர்த்தவில்லை. "அழுக்குப் பஞ்ச டாக்டர்ட்ட காட்டாம நான் ஒருநாளும் கீழ போட்டதில்ல. நாய்க்குத்தான் வாயில்ல. பஞ்சு பேசும்லா? நீ அது வாயையும் பொத்திட்ட."

டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். மயக்க ஊசி போட வேண்டியிருக்கலாம் என்றும். அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மஸ்காவுக்கு முன்னால் அவரிடம் டாலி என்று ஒன்று இருந்தது. பல் பிடுங்குவதற்காக ஊசி போட்டார்கள். எழுந்திருக்கவில்லை.

"கடிச்சுக் கொதறினாலும் பரவால்ல, தூங்க மட்டும் வைக்கப்பிடாதுன்னுதான ஒங்கிட்ட கொண்டாந்தேன்."

தரையில் உட்கார்ந்தேன்.

மஸ்கா வந்து என் மடியில் ஏறிப் படுத்தது. வீங்கிய கன்னம் மேலே இருக்கும்படி. போயும் போயும் என்னிடம்.

"டீ குடிச்சிட்டுப் போ" என்றார் ஆன்ட்டி. சர்க்கரையை இரண்டு முறை போட்டிருந்தார். கோபத்தில் மறந்திருக்க வேண்டும். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஜூன் 16, திங்கள்

பார்லருக்கு விடுமுறை. மூவரும் மாட்டுங்காவுக்கு, கால்நடை டாக்டர் சாதியாவிடம்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தார். "ஊபர் சே ஏக்தம் சகாசக்" என்றார். மேலே பளபளவென்றுதான் இருந்தது. பிறகு கண்ணுக்குக் கீழே லேசாக அழுத்தினார். மஸ்கா முனகியது. கடைவாய்ப்பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்க வேண்டும், முழுதாகத் தெரிய தூங்கவைத்துத்தான் எக்ஸ்ரே எடுக்க முடியும் என்றார். விழித்திருக்கும் நாயின் ஈறுக்குக் கீழே யாராலும் சுத்தம் செய்ய முடியாது. யாராலும்.

பல்லை யார் சுத்தம் செய்தது என்று கேட்டார்.

"நான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். பல்லில் ஒரு கீறல்கூட இல்லை, நல்ல கை என்றார். ஆனால் அந்தக் கை ஈறு வரைக்கும்தான் போகும், அதைச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கு என்றார். அவ்வளவுதான். இப்படித் திருத்தப்படுவது எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது.

ஆன்ட்டி மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார். எந்த மருந்து, எத்தனை மில்லி, மூச்சை யார் பார்ப்பார்கள், பார்ப்பவர் நடுவில் போன் பேசுவாரா. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். முதலில் ரத்தப் பரிசோதனை, இதயத்துக்கு ஸ்கேன்.

ஆன்ட்டி வெளியே வந்து சொன்னார்: "டாலிக்கு அன்னிக்கு ஒண்ணும் பாக்கல. நேரா ஊசிதான். நானும் கேக்கல பிள்ள. நர்ஸு நான், நானே கேக்கல."

ஜூன் 17

ரீனாக்காவிடம் சொன்னேன். "அரே, நீ என்ன டாக்டரா? வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்திருக்க! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேன்.

ஜூன் 18

ரத்தம் சரி. இதயம் சரி. ஆன்ட்டி இன்னும் சரி சொல்லவில்லை. வீக்கம் மாத்திரையில் கொஞ்சம் வடிந்திருக்கிறது. வடிந்தால் போதும் என்று நினைக்கத் தோன்றும். எனக்கே தோன்றுகிறது.

ஜூன் 20, வெள்ளி

ஆன்ட்டி சரி சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு நிபந்தனை, மஸ்கா தூங்கும்வரை என் மடியில்தான் இருக்க வேண்டும்.

"ஒன் கை அதுக்குப் பழக்கம். எனக்கு இப்பமே நடுங்குது."

இந்த நம்பிக்கையைப் பெற நான் என்ன செய்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வந்துவிடுகிறேன் என்றேன்.

ரீனாக்கா இன்னும் பேசவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை என் பெயரில் இருந்த நாய்களை எல்லாம் வேறு நாளுக்கு மாற்றியிருக்கிறார்.

ஜூன் 23

அம்மா விளக்கு ஏற்றும்போது: "ஏட்டி, அந்த நாய் பேரு என்ன சொன்ன?"

"மஸ்கா. எதுக்கு? சாமிட்ட நாய் பேரையா சொல்லப் போற?"

"சாமிக்குத் தெரியாத நாயா? வாய மூடிட்டுக் கும்பிடு."

கும்பிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

துண்டு. மடி. முதுகு என் வயிற்றோடு. முன்காலில் ஊசி ஏறும்போது மஸ்கா என் விரலை நக்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை. நக்குவது மெதுவானது. நின்றது. நாக்கு விரலின் மேலேயே இருந்தது.

உடனே கனத்துவிட்டது. நாலு கிலோ நாய். இரண்டு வருடமாக அது மடியில் தன்னைத்தானே கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. இன்றுதான் தெரிந்தது.

கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் ஆன்ட்டி. ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் நாடியைத் தானே எண்ணிக்கொண்டிருந்தார். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே ஒரு பெண் மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், கண்ணைத் திருப்பாமல். அவர் வேலையே அதுதான். மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது.

ஒரு மணி இருபது நிமிடம். இரண்டு பல். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் தாடை எலும்புக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

காது முதலில் அசைந்தது. பிறகு ஒரு கண், பாதி.

"ஏ கழுத! எந்திச்சிட்டியா? எந்திச்சிட்டியால?" ஆன்ட்டி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். மஸ்காவை அடிக்க முடியாது அல்லவா. இன்னும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

"போ, தின்ன ஏதாவது வாங்கிட்டு வா. காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல."

இரண்டு பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். எதைச் சாப்பிட்டோம் என்று நினைவில்லை.

ஜூன் 25

கண்ணாடிக்குள் பார்த்த பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். பெயர் தெரியாமலே — நன்றி.

ஜூன் 28, சனி

அன்னமேரி ஆன்ட்டி பார்லருக்கு வந்தார். ஒரு கையில் மஸ்கா, மறு கையில் சின்ன மருந்து பாட்டில். ரீனாக்காவின் மேஜைமேல் பாட்டிலை வைத்தார். உள்ளே இரண்டு பல். மேல் பாதி வெள்ளை, நான் வெளுத்த வெள்ளை. வேர் பழுப்பும் கறுப்புமாக, அரித்துப்போய்.

"இது ஒங்க போட்டோல விழல பாத்துக்க" என்றார்.

ரீனாக்கா பாட்டிலைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் சண்ட போட வரல ரீனா. தெனமும் பிரஷ் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எனக்குக் கை வரமாட்டேங்கு. இவ சொல்லித் தரட்டும்."

பத்து நிமிடம் சொல்லிக்கொடுத்தேன். மஸ்கா ஆன்ட்டியைக் கடித்தது. சும்மா, லேசாக. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 30, திங்கள்

விடுமுறை நாளில் ரீனாக்கா கூப்பிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் ஆறு மாதத்து போட்டோக்கள், சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுத்தவை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். பல்லை அல்ல, ஈறை.

"இத பாரு. சிவப்பு." கொஞ்ச நேரம் கழித்து, "இதுவும்."

மதியத்துக்குள் ஏழு நாய்கள்.

"திட்டுவாங்க, ரீனாக்கா."

"திட்டட்டும். நாலு நீ பேசு, மூணு நான் பேசுறேன். எனக்குக் கொஞ்சம் நல்ல கஸ்டமரா குடு, ப்ளீஸ்."

முதல் எண்ணை அழுத்தினேன். சுனாபட்டியிலிருந்து நாயைக் கொண்டுவரும் ராஜபாண்டி அண்ணாச்சி. என் பெயரைச் சொன்னேன். ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டியது என்று தொடங்கினேன். அவர் சத்தம் போட்டு முடிக்கும்வரை கேட்டேன். மாட்டுங்கா டாக்டரின் முகவரியை அனுப்பினேன். தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவது எண்ணை அழுத்தினேன்.