ஒரே பக்கமாக எடுத்த கல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பட்டறையில் இருந்தவர்கள்: என் பெரியவன். என் சின்னவன். கிரேன்காரன். பாலீஷ் போடுகிறவர். வீட்டுக்குத் தரைக்கல் பார்க்க வந்த பல் டாக்டர். பட்டறையைப் பார்த்த சமையலறை ஜன்னலில் நான். என் முதுகுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டு சின்னவன் பெண்டாட்டி. வேறு ஒரு ஈ காக்கா இல்லை. நாளைக்கு எவனாவது வந்து நானும் பார்த்தேன் என்றால் பொய்.

இன்றைக்கே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணினால் கோணட்டும்.

மார்பிள் பலகைகளை இரும்பு ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் சாய்த்து வைப்போம், கூடாரம் மாதிரி. எடுக்கும்போது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரே பக்கமாக உருவினால் மறுபக்கம் கனத்து ஸ்டாண்டே சாயும். இந்த வீட்டில் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிற விஷயம் இது.

பல் டாக்டருக்கு ஒரே பாறையில் அடுத்தடுத்து அறுத்த நாலு பலகை வேண்டும். சேர்த்துப் போட்டால் கோடு கோட்டோடு பொருந்தி, விரித்த புத்தகம் மாதிரி இருக்குமாம். நாலும் ஒரே பக்கத்தில் சாய்ந்திருந்தன. மறுபக்கம் சின்னவன் வெள்ளைக் கல்லை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டும். அவன் நின்ற இடத்திலிருந்து இந்தப் பக்கம் தெரியாது.

இரண்டு பலகை எடுத்த பிறகு கிரேன்காரன் நிறுத்தினான். "அண்ணே, அந்தப் பக்கம் ஒண்ணு எடுத்துட்டு வரட்டா?"

பெரியவன் கடிகாரத்தைப் பார்த்தான். "சாருக்கு நேரமில்ல. தூக்குடா."

மூன்றாவது கல் கிரேன் பெல்ட்டில் ஏறியது. அப்புறம் அந்தச் சத்தம். இடி என்று எழுதலாம். இடி இல்லை. பல்லால் பல்லை நொறுக்குகிற சத்தம்.

தூசி அடங்கியபோது சின்னவனின் ஒரு கைதான் தெரிந்தது. துணியை விடவில்லை.

மார்ச் 4

வலது கால் போய்விட்டது, முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது காலில் இரும்புக் கம்பி கம்பியாகக் குத்தி வைத்திருக்கிறார்கள். உயிர் இருக்கிறது.

நேற்று எழுத முடியாமல் விட்டதை எழுதுகிறேன். கிரேன் பெல்ட்டை மாட்டுவதற்குள் பெரியவன் வெறும் கையால் கல்லைப் பிறாண்டினான். நகம் பிய்ந்து வந்தது, அவனுக்குத் தெரியவில்லை. கல்லைத் தூக்கி, தம்பியை வண்டியில் ஏற்றினார்கள். சின்ன மருமகள் கூடவே ஏறிக்கொண்டாள். வண்டி வாசலைத் தாண்டியதும் பெரியவன் திரும்பினான். கிரேன்காரன் தலையிலிருந்த ஹெல்மெட்டைப் பிடுங்கி அதாலேயே அவன் முகத்தில் அடித்தான். ஒரு தடவையா? அவன் கீழே விழுந்த பிறகும் அடித்தான். "நீதான்டா, நீதான்டா" என்று சொல்லிச் சொல்லி. யாருக்குச் சொன்னான் அதை?

ஒரு பல் தெறித்துப் பல் டாக்டர் காலடியில் விழுந்தது. அந்த மனுஷன் செருப்பை நகர்த்திக்கொண்டார். பல் வைத்தியம் பார்த்துப் பெரிய வீடு கட்டுகிற மனுஷன்.

கிரேன்காரன் திருப்பி அடிக்கவில்லை. அவன் கை என் பிள்ளை கையைவிட இரண்டு மடங்கு. தூக்கினதே இல்லை.

மார்ச் 6

போலீஸ் வந்தது. கிரேன்காரன் தன் இஷ்டத்துக்கு ஒரே பக்கம் உருவினான் என்று பெரியவன் சொல்லிவிட்டான். இழுத்துக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் போனில் பேசிக்கொண்டிருந்தாராம், ஒன்றும் காதில் விழவில்லையாம். பாலீஷ்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மிஷின் ஓடிச்சுங்க, எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார். மிஷின் ஓடியிருந்தால் எனக்கு எப்படிக் கேட்டது? தேய்க்கிற வட்டை மாற்ற நிறுத்தியிருந்தீர், என் கண் முன்னால்.

அவர்கள் போன பிறகு பெரியவன் சமையலறை வாசலில் வந்து நின்றான். "நீ அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தம்மா. ஒண்ணும் பார்க்கல. சரியா?"

அடுப்பு எரியவே இல்லை அப்போது.

மார்ச் 8

வெள்ளைக் கல் ரத்தத்தைக் குடித்துவிட்டது. அந்தக் கல் எண்ணெயைக் குடிக்கும், பழச்சாற்றைக் குடிக்கும், இதையும் குடித்தது. பாலீஷ்காரர் ஏதோ பொடியைக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்தார். உள்ளே போனதைப் பொடி இழுத்து வெளியே கொண்டுவருமாம். காய்ந்து உரித்தபோது கறை பாதி வந்திருந்தது. பாதி உள்ளேயே.

மார்ச் 9

கிரேன்காரன் பெண்டாட்டி வந்தாள். பட்டறை ஓரத்தில் கிடந்த வெட்டுத் துண்டுகளை எடுத்து ஜன்னலில் எறிந்தாள். கண்ணாடி உடைந்து சின்ன மருமகள் நெற்றியைக் கிழித்தது. நான் வெளியே ஓடி அவள் கையைப் பிடித்தேன், அவள் என் முடியைப் பிடித்தாள். இரண்டு பேரும் கல்தூளில் உருண்டோம். என் வயசுக்கு.

"உள்ள வெச்சு அவரை அடிக்கறாங்க பெரியம்மா. உங்க பிள்ளை வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். என் முடியை விடவே இல்லை.

நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு மருமகள் கேட்டாள். "அத்தை, நீங்க ஜன்னல்லதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன். கேட்டேன்."

அவள் அழவில்லை. போய்ச் செருப்பை மாட்டினாள்.

மார்ச் 9, பிறகு

பெரியவன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "எங்கம்மா?"

"போலீஸுக்கு."

"பெத்த பிள்ளையைக் காட்டிக் குடுக்கப் போறியா?"

"உள்ள அடி வாங்கறவனையும் ஒருத்தி பெத்திருக்கா."

என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். எலும்பு நெரிந்தது. கல் பதிக்கிற ரப்பர் சுத்தி அலமாரி மேல் இருந்தது. இடது கையால் எடுத்து அவன் தோளில் இறக்கினேன். உட்கார்ந்துவிட்டான். இன்னொன்றும் இறக்கினேன். அது தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

இன்ஸ்பெக்டரிடம் எல்லாம் சொன்னேன். கிரேன்காரன் கேட்டது, இவன் கடிகாரம் பார்த்தது, "தூக்குடா" என்றது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "நல்ல ஞாபகம் பாட்டி உங்களுக்கு" என்றார். அது எனக்குத் தெரியும்.

மார்ச் 13

மணிக்கட்டில் கட்டு. பெரியவன் தோளில் கட்டு. ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு.

மார்ச் 15, ஞாயிறு

சண்டாளன். சண்டாளன்.

இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சின்னவனிடம் கேட்டார். நானும் மருமகளும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றோம். என்ன சொன்னான் தெரியுமா?

"நான்தான் சார் அந்தப் பக்கமே எடுன்னு குரல் குடுத்தேன். இது என் தப்பு. அண்ணனும் சொல்லல, கிரேன்காரன் மேலயும் தப்பில்ல. அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணு மாதிரி இருக்கும்."

பெற்றவளுக்கு எவன் குரல் எவனுடையது என்று தெரியாதா? பசிக்கு அழுத அழுகையிலேயே பிரித்துச் சொன்னவள் நான்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வை. கோபம் இல்லை. பாவம் பார்க்கிற பார்வை. அதற்கு என்னை அவர் அறைந்திருக்கலாம்.

அவர் வெளியே போனதும் சின்னவன் கன்னத்தில் அறைந்தேன். கால் இல்லாதவனை. கட்டிலில் கிடக்கிறவனை. மருமகள் என் கையைப் பிடித்தாள், ஆனால் மெதுவாகத்தான் பிடித்தாள்.

"ஏன்டா?"

"அண்ணன் உள்ள போனா பட்டறையை யாரு பார்க்கறது? ஒத்தக் காலோட நானா?"

"அதுக்கு நான் பொய்க்காரியா?"

"கல்லைப் பிறாண்டினப்ப அவன் நகம் பிஞ்சுதாமே. நீ பார்த்தியாம்மா?"

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வராது. அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டான்.

மார்ச் 16

பள்ளிக்கூடம் போகிற வயசில் பெரியவன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை உடைத்தான். சின்னவன் வந்து நான்தான் என்றான். வெளுத்துக் கட்டினேன். அடி விழ விழ, அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கே புத்தியில் ஏறியிருக்க வேண்டும்.

மார்ச் 17

கிரேன்காரன் வெளியே வந்துவிட்டான். முகம் ஒரு பக்கம் வீங்கி, பல் போன இடத்தில் பேச்சு ஒழுகுகிறது. என்னிடம் வந்து, "நீங்க உண்மையைச் சொன்னீங்க பெரியம்மா. ஆனா சின்னவர் சொன்னதைத்தான் எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றான்.

"போட்டது தப்பு" என்றேன்.

"அடிக்கறதை நிறுத்தினாங்க" என்றான்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஆறினதைக் கொடுத்தேன், உடைந்த பல்லில் சூடு பட்டால் வலிக்கும்.

ஏப்ரல் 12

பல் டாக்டர் கீறல் இல்லாமல் தப்பிய அந்த நாலு பலகையையும் எடுத்துக்கொண்டு போனார். கூடத்தில் பதித்தாயிற்றாம். கோடு கோட்டோடு அப்படிப் பொருந்துகிறதாம்.

மே 30, சனி

சின்னவன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவன் அறைத் தரையைப் பெரியவனே பதித்திருக்கிறான். அன்றைக்கு விழுந்து நொறுங்கிய பலகைத் துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, சக்கர நாற்காலி தடுக்காதபடி, படியும் இல்லாமல் மட்டம் பார்த்து. தோள் வலியோடு முழங்காலில் நின்று செய்தான். என் சுத்தியால்தான் தட்டினான். வேலை சுத்தம். அதை மறுக்க மாட்டேன். கறை பட்ட துண்டைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறான். எது என்று எனக்குத் தெரியும், கட்டிலின் தலைமாட்டில் இரண்டாவது.

அண்ணன் தம்பியை முதுகில் தூக்கி வந்து இறக்கினான். "கனக்கறடா" என்றான். "ஒரு கால் குறைச்சுத்தானே வந்திருக்கேன்" என்றான் இவன். இரண்டு பேரும் சிரித்தார்கள். மருமகளும் சிரித்துவிட்டாள், அப்புறம் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் வீட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. பால் பொங்குகிறது என்று நேற்றுச் சொன்னேன். பேத்தி கேட்டாள், "நிஜமாவா பாட்டி? இல்ல உங்களுக்கு அப்படித் தோணுதா?" குழந்தை தானாகப் பேசவில்லை. பால் பொங்கித்தான் கிடந்தது.

ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். நான் நின்றேன். பட்டறையில் கிரேன்காரன் கல் எடுக்கிறான். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஜன்னலைப் பார்க்கிறான். நான் தலையசைத்த பிறகுதான் தூக்குகிறான்.

இனி இதைப் பற்றி எழுத மாட்டேன். அன்றைக்கு இருந்தவர்களை ஒரு தடவை சொல்லி முடிக்கிறேன். பல் டாக்டர் யாரோ எவரோ. பாலீஷ்காரர் சம்பளத்துக்குப் பயந்தார். கிரேன்காரன் அடிக்குப் பயந்தான். மருமகள் என்னோடு செருப்பு மாட்டி வந்தாள். பெரியவனை அடித்தாயிற்று, அவனோடு தீர்ந்தது.

நான் பார்த்ததை என் முகத்துக்கு நேரே இல்லை என்றவன் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்குச் சோறு ஊட்டுவேன். கால் கட்டு மாற்றுவேன். இன்றைக்கும் மாற்றினேன். மன்னிக்க மாட்டேன்.

சின்னவன்.