பேருந்து நிலைய மைக்கில் என் இங்கிலீஷ்

என் பிரியமுள்ள எஸ்தர் அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாம் நலம். தண்ணி மோட்டார் ஒருமுறை மக்கர் செய்தது, சரிபண்ணியாயிற்று. ஆனால் அதைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. போன மாதம் நான் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து இங்கிலீஷ் பேசினேன். முதலில் உட்காருங்கள்.

இதை நம் சர்ச்சின் பங்குப் பத்திரிகையில் போடுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்களைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இங்கிலீஷ் வாத்தியார். நான் படித்தது பத்தாம் வகுப்பு. கல்யாணமான புதிதில், அப்போது நம் பங்கில் இருந்த கேரளத்து ஃபாதர் ஒருவர் போன் செய்து உங்களைக் கேட்டார். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். இப்போது வீட்டில் இல்லை என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ஹஸ்பெண்ட் நோ மோர்" என்று சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் அவர் இரண்டு சிஸ்டர்களோடும் ஒரு பெரிய மாலையோடும் வாசலில் நின்றார். கதவைத் திறந்தது நீங்கள், கையில் கத்தரிக்காய்ப் பையோடு.

அந்தக் கதையை எந்த விருந்தில் நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள்? ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாண வீடு, எல்லா இடத்திலும் சொன்னீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு நான் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசவில்லை. அதை நீங்கள் எப்போதாவது கவனித்தீர்களா? நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை.

போன மாதம் நம் மகள் எஸ்தர் வீட்டிலிருந்து இரவு ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். எதிர்ப் படுக்கையில் இரண்டு பெண்கள், வியட்நாம்காரர்கள். பெரியவர் பெயர் லான், அறுபது வயது, ஹியூ என்ற ஊரில் தையற்கடை வைத்திருப்பவர். கூட வந்தவள் ஹோவா, அவருடைய தங்கை மகள். வேளாங்கண்ணி பார்த்தாயிற்று, அடுத்தது கொடைக்கானல். பன்னைப் பிய்க்கும் முன் லான் சிலுவை அடையாளம் போட்டார். அதைப் பார்த்து நானும் என் தயிர்சாதத்துக்கு முன்னால் போட்டேன். அவ்வளவுதான், சிநேகம் ஆகிவிட்டது.

விடியற்காலையில் திண்டுக்கல்லில் இறங்கினால், மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, மதியம் மூன்று மணிக்கு முன் கொடைக்கானல் பஸ் இல்லை என்றார்கள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையைக் காட்டி ஆட்டோவில் ஏற்றி நாகல் நகர் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

குளித்து, இட்லி சாப்பிட உட்கார்ந்தபோது லான் சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தார். "ஹஸ்பெண்ட்?" என்றார். என் வாயில் வந்தது அந்த இரண்டே சொல். "நோ மோர்." சொன்ன பிறகுதான் உறைத்தது, முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அது சரியான இங்கிலீஷ் ஆகியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சட்னியை எடுத்து இரண்டு பேருக்கும் ஊற்றினேன். லான் தன் நெஞ்சைத் தொட்டு, "மீ ஸேம்" என்றார்.

லானிடம் மொத்தம் ஐம்பது இங்கிலீஷ் வார்த்தை இருந்தால் அதிகம். அதை வைத்துக்கொண்டு ஆறு நாடு சுற்றியிருக்கிறார். எனக்கு எத்தனை வார்த்தை தெரியும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். உங்களோடு குடித்தனம் பண்ணியதில் அவரைவிட நிறையவே சேர்ந்திருந்தது.

பஸ் நேரம் வரைக்கும் ஊரைச் சுற்றிக் காட்டக் கிளம்பினேன். முதலில் பூ மார்க்கெட். நிலக்கோட்டை மல்லிகையைப் பார்த்ததும் ஹோவா இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டாள். லான் பூக்காரியிடம் குடிப்பதுபோல் கையைக் காட்டினார். அவர்கள் ஊரில் மல்லிகையைத் தேயிலையோடு வைத்து மணமேற்றிக் குடிப்பார்களாம். நான் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, பூக்காரி "தலையில வைக்கிறத வயித்துல ஊத்துறாகளாக்கும்" என்று ஒரு முழம் கூடுதலாகவே கிள்ளிக் கொடுத்தாள்.

பிறகு மலைக்கோட்டை. முப்பத்தொரு வருஷமாக அந்தப் பாறையை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஏறலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், கல்லுல பார்க்க என்ன இருக்கு என்பீர்கள். நிறைய இருக்கிறதுங்க. ஊரே தெரிகிறது, சிறுமலை எழுந்து நிற்கிறது, காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எது என்று தேடினேன், எல்லாத் தொட்டியும் கறுப்பாகவே இருந்தது.

வெயிலுக்காக லான் தன் கூம்புத் தொப்பியை என் தலையில் கவிழ்த்திருந்தார். படம் எடுக்க வந்த கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் மூன்று பேரையும் சேர்த்து நிற்கவைத்தார்கள். ஒருத்தி என்னிடம் மெதுவாக, "ஆன்ட்டி, விச் கன்ட்ரி?" என்றாள். நான் யோசிக்காமல் "நாகல் நகர்" என்றேன். அந்தப் பிள்ளை அப்படி ஒரு நாடு இருப்பதாகவே தலையாட்டிவிட்டுப் போனாள்.

மதியம் பேருந்து நிலையத்துக்கு வந்தோம். பஸ் உண்டா என்று உறுதி செய்துகொண்டு பிரியாணி சாப்பிடப் போவதாகத் திட்டம். நான் விசாரித்துவிட்டுத் திரும்பினால் லான் மட்டும் நிற்கிறார். ஹோவாவைக் காணோம். அவள் போனில் இங்கத்திய சிம் கிடையாது. இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் அவள் தோள்பையில். எல்லா நடைமேடையும் ஓடிப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் லான் முகம் வெளுத்துவிட்டது. தங்கச்சிக்கு நான் என்ன சொல்வேன் என்பதுபோல் என்னென்னவோ தன் பாஷையில் சொல்லிக்கொண்டே என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கையை விடாமல் அவரைப் போலீஸ் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். என்னை நம்பித்தானே வந்தார்கள்?

போலீஸ் அறையில் ஒரு பெண் காவலர் இருந்தார். தமிழில் அறிவிக்கிறேன் என்றார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்றேன். மைக்கை என் பக்கம் தள்ளினார். "நீங்களே சொல்லுங்கம்மா. எனக்கு அம்புட்டு இங்கிலீஷ் வராது."

எனக்கு மட்டும் எம்புட்டு வரும்? உங்கள் முகம் முன்னால் வந்து நின்றது, விருந்தில் கதையை ஆரம்பிக்கும்போது இருக்குமே, அந்த முகம். பக்கத்தில் லான் அழுதுகொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்தேன்.

"ஹோவா. ஹோவா. ப்ளீஸ் கம். போலீஸ் ரூம். லான் க்ரையிங். ஐ ஆல்ஸோ க்ரையிங். நோ ஃபியர். கம், பிரியாணி ஈட்டிங்."

நத்தம் பஸ், வத்தலக்குண்டு பஸ், மதுரை பஸ், ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இல்லை. வெட்கப்பட நேரமில்லை. இன்னும் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்றாவது தடவை முடிவதற்குள் ஹோவா வந்துவிட்டாள், கையில் பாதி கடித்த கொய்யாப்பழம், உதடெல்லாம் மிளகாய்ப்பொடி. கூடவே ஆயக்குடிக் கொய்யா விற்கிற அம்மா. அவர் வண்டிக்குப் பின்னால் இவள் குத்தவைத்து உட்கார்ந்து மூன்று பழம் தின்றிருக்கிறாள், அதனால்தான் எங்கள் கண்ணில் படவில்லை. அந்த அம்மா என்னிடம், "மைக்குல உங்க சத்தம் கேட்டுட்டே இருந்துச்சுங்க, பிள்ளை அசையலைங்க. பிரியாணின்னீங்க பாருங்க, அப்பத்தானுங்க எந்திரிச்சுது" என்றார்.

லான் அவளைத் திட்டினார், கட்டிக்கொண்டார், மறுபடியும் திட்டினார். அதற்கு எந்த பாஷையும் வேண்டியதில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு யார் வந்தது தெரியுமா? உங்கள் பர்னபாஸ் சார். பள்ளியில் உங்களோடு இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவர், மதுரை பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்னம்மா, ஒரு 'இஸ்' கூட இல்லையே" என்றார்.

நான் ஹோவாவைக் காட்டினேன். "புள்ள வந்துருச்சுல்ல சார்" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாஸ்தவம்தான் என்று ஒத்துக்கொண்டார்.

பிரியாணிக் கடையில் லான் கேட்டார், உன் புருஷன் நல்லவரா என்று. "வெரி குட் மேன். பட் ஆல்வேஸ் கரெக்டிங்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் பேசுவதுபோலவும் நீங்கள் விரலை நீட்டித் திருத்துவதுபோலவும் நடித்துக் காட்டினேன். புரிந்ததும் அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். பிறகு கையாலேயே தன் கதையைச் சொன்னார். அவர் புருஷன் தினமும் சட்டியைத் திறந்து, இவர் சமைத்ததில் இன்னும் கொஞ்சம் உப்புப் போடுவாராம். லான் அகப்பையால் அடித்து அவரை விரட்டுவாராம். இப்போது சட்டியை யாரும் திறப்பதில்லை. "நவ் நோ சால்ட்" என்றார்.

இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிமாறுகிறவர் காரம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய் இன்னும் இரண்டு கிண்ணம் தயிர்வெங்காயம் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, சாப்பிட்டோம்.

மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன், லான் வாங்கவில்லை.

இப்போது தினமும் போனில் குரல் அனுப்பிக்கொள்கிறோம். ஹியூவுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். ஒரு வாரம் யோசித்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன். எஸ்தர் முதலில் தனியாகவா என்று பயந்தாள். நம் மாப்பிள்ளைதான், அத்தை மைக்கிலேயே பேசியவர்கள், விடு என்றாராம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்ததா? கொஞ்சம் இருந்திருக்கிறது. நீங்கள் இருந்தபோதே நான் சொல்லியிருக்கலாம். ஒருவேளை நீங்களும், அப்படியா ராணி, தெரியாமல் போச்சே என்று சொல்லியிருப்பீர்களோ என்னவோ.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடும் பூவோடும் வருவேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வியட்நாம் போகிற விஷயத்தை முழுக்க இங்கிலீஷில் சொல்வேன். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தாலும் நிறுத்தமாட்டேன். நான் முடிக்கிறவரைக்கும் நீங்கள் குறுக்கே பேசக்கூடாது.

பேசினால் நல்லாத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி, எஸ்தரின் அம்மா,
ஜெயராணி