தாழ்வாரத்துப் பேணி

விசுவமடு
12.06.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று தம்பி ரஜிதன் எழுதியிருந்தான். பிள்ளையாருக்கு நேர்ந்த தேங்காயை உடைத்துவிட்டேன். வவுனியாவில் அவன் வீட்டில் இருக்கும்வரை பேப்பர் வாசிக்காதீர்கள். கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், எழுதிவைக்கிறேன்.

போன கிழமை ஆண்டு பத்துக்குச் சமூகச் சீர்திருத்த இயக்கங்கள் படிப்பித்தேன். கோயில் கதவுகள் திறந்தது, எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் ஒரே வாங்கில் சேர்ந்திருக்க வழி பிறந்தது, தேநீர்க்கடைகளில் சாதி பார்த்துச் சிலருக்கு மட்டும் குடிக்க வேறு பேணி வைத்ததை எதிர்த்தது எல்லாம் சொன்னேன். என் வாய் சும்மா இருக்குமா? யாழ்ப்பாணத்தில் என் அப்பாவும் அந்தச் சனங்களோடு அப்படி ஒரு கடைக்குள் போனவர், கல்லெறி பட்ட தழும்பு நெற்றியில் இன்னும் இருக்கிறது என்று பெருமையடித்தேன்.

அப்போது தர்மிளா எழும்பினாள். எங்கள் வயலில் களை பிடுங்க வரும், மலையகத்து அழகம்மாவின் மகள்.

"ரீச்சர், அப்ப உங்கட குசினித் தாழ்வாரத்தில செருகியிருக்கிற தகரப்பேணி ஆருக்கு? எங்கட அம்மா அதிலதானே தேத்தண்ணி குடிக்கிறவ."

வாங்கில் இரு என்று சொல்லிவிட்டுக் குறிப்புச் சொல்லத் தொடங்கினேன். அடுத்த இரண்டு நாளும் அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அவள் கேட்டது உண்மை அப்பா. அம்மா இருந்த காலத்திலிருந்து அந்தப் பேணி அங்கேதான் இருக்கிறது. நானும் அதில்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

உங்கள் மகள்,
விமலேஸ்வரி

வவுனியா
27.06.1994

அன்பு மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒற்றைக் கண்ணால் இரண்டு தரம் வாசித்தேன்.

வீட்டுக் குசினியை வகுப்புக்குள் கொண்டுவர யார் உனக்குச் சொன்னது? நீ பிறக்க முதல் கல்லெறி வாங்கியவன் நான். பாடத்தைப் பாடமாகப் படிப்பித்தால் போதும். வயலுக்கு வருபவர்களின் வசதிக்காக வைத்த பேணி அது. அழகம்மா ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் வரும்வரை வீட்டு ஒழுங்கில் கை வைக்காதே.

அங்கே திரும்புவதற்கான பயணப் பாசுக்கு ரஜிதன் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஆவணிக்குள் வந்துவிடலாம் என்கிறான்.

இப்படிக்கு,
அப்பா

விசுவமடு
14.07.1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுத முதலே கை வைத்துவிட்டேன்.

உங்களுக்கு எழுதிய அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு தர்மிளா வீட்டுக்குப் போனேன். இரு என்று சொன்னது என் பிழை என்றேன். அழகம்மா பதறிப்போய் மகளை ஏசினா. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். நாலு வருடமாகப் பழகுகிறோம், அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல்முதல் தண்ணீர் குடித்தேன். அதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பேணியை வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். தர்மிளாவை எழுப்பி, கேட்டதைத் திரும்பக் கேள் என்றேன். குரல் நடுங்காமல் கேட்டாள். "அது எங்கட வீட்டுப் பிழை. நானும் செய்தனான்" என்றேன். பிறகு பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள், மணி அடித்தும் நிறுத்தவில்லை. இப்படி ஒரு பாடம் நான் படிப்பித்ததில்லை. அந்தப் பிள்ளையை நினைக்க எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

இப்போது அந்தப் பேணியில் வகுப்பு வெண்கட்டிகள் இருக்கின்றன. அழகம்மா குசினிக்குள் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறா. முதல் நாள் நுனியில்தான் இருந்தா. எந்தக் கோப்பையில் அவ குடித்தா என்று இனி என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இது உங்கள் வீடு. இந்த ஒழுங்கில் உங்களால் வந்து இருக்க முடியாதென்றால் எழுதுங்கள், நான் வேறு வீடு பார்க்கிறேன். பேணி திரும்பித் தாழ்வாரத்துக்கு வராது.

கோபித்தாலும் கண்ணுக்கு மருந்து விடுங்கள்.

விமலேஸ்வரி

வவுனியா
05.08.1994

என் அன்பு மகள் விமலேஸ்வரிக்கு,

பதில் எழுத நாள் எடுத்துவிட்டது. கண்ணைச் சாட்டலாம், ஆனால் கண் சுகம்.

ஒருவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்கு அந்தக் கடைக்குள் எல்லோரோடும் போய், ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் குடித்தது உண்மை. கல்லெறி பட்டதும் உண்மை. வீட்டுக்கு வந்தபோது என் அம்மா படலையிலேயே மறித்தா. "குளிச்சிட்டு உள்ள வா" என்றா. நெற்றியில் இரத்தத்தோடு கிணற்றடிக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பேணியும் அப்படித்தான், நான் மறுக்காததால் எங்கள் வீட்டுக்கு வந்தது.

முப்பது வருடம் படிப்பித்தேன். என்னிடம் எந்தப் பிள்ளையும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. உன்னிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள். உன்னை நினைத்து என் நெஞ்சு நிமிர்கிறது, பிள்ளை. வேறு வீடு பார்க்கும் கதையை விடு.

பாஸ் கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளி புறப்படுகிறேன். அந்தப் பேணிக்கு இரண்டு பெட்டி வெண்கட்டி வாங்கியிருக்கிறேன். திங்கட்கிழமை உன் வகுப்பில் எனக்கு ஒரு பாடவேளை வேண்டும். குளித்த கதையை நானே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தர்மிளாவை முன் வாங்கில் இருத்து. அவள் கேட்கட்டும்.

உன் அப்பா,
மயில்வாகனம்