பேசிக்கொண்டே ஓடும் வேகம்

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் மழை இல்லை, மேகம் மட்டும். உக்குவளை மைதானம் ஈரம். புல்லில் அட்டை இரண்டு, இரண்டும் என் காலைத்தான் தேடி வந்தன. கதிரை கழுவும் வேலை பாக்கி. வருஷப்பிறப்பு விளையாட்டு விழாவுக்கு உட்காரக் கதிரை, பந்தல் எல்லாம் என் வாடகைக் கடையிலிருந்துதான் போகிறது. நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் கல்யாணமும் நடக்காது, சாவும் நடக்காது.

இன்று முதல் குறிப்பு எழுதுகிறேன். பயிற்சியாளர் என்றால் குறிப்பு வைத்திருக்க வேண்டுமாம், தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியாரே பொறாமைப்பட்டதுண்டு.

என்னிடம் ஓடப் பழகுகிறவர்கள் இரண்டு பேர். (ஊருக்குச் சொல்வது இருபது.)

நசீர் நானா. துணிக்கடை. வயிறு முதலில் வரும், ஆள் பிறகு வருவார்.

லோகேஸ்வரி. மிளகு, கராம்பு பொதி செய்யும் ஸ்டோரில் வேலை. புருஷன் தவறிப் பல வருஷம். ஒரே மகள், படிக்கக் கம்பஸ் போக இருக்கிறாள். இனி லோ. என்று எழுதுவேன். முழுப் பெயரையும் எழுதினால் பேனை அங்கேயே நின்றுவிடுகிறது.

லோ. ஓடுவது ஏன்: சைப்ரஸில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருக்கிறது. தை மாதம் மெடிக்கலில் பிரஷர் கூட என்று திருப்பிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவைதான் பார்ப்பார்களாம், இந்த மாதக் கடைசியில். பிரஷர் இறங்கினால் போவாள். இறங்காவிட்டால் இங்கேயே இருப்பாள். இறக்கும் பொறுப்பு என்னுடையது. நான் பொறுப்பெடுத்து எது நடக்காமல் போயிருக்கிறது?

அதுதான் பயம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நல்ல காற்று. கண்டி வீதியில் ஓட்டம். புதிதாக ஓடுகிறவர்களுக்கு என் சட்டங்கள் (யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் மூளையில் தானாக வந்தவை):

ஒரு கரண்ட் கம்பம் ஓடு, ஒரு கம்பம் நட. வெட்கப்படாதே.
புதுச் சப்பாத்தைப் போட்டி அன்று போடாதே.
கால் நொந்தால் ஒரு நாள் படு. படுப்பதும் பயிற்சிதான்.
பெரிய சட்டம்: ஓடும்போது ஒரு வசனம் முழுசாகப் பேச வரவேண்டும். பேச வராவிட்டால் வேகம் கூடிவிட்டது. குறை.

இந்தக் கடைசிச் சட்டத்தால்தான் எல்லா வினையும். மூன்று மாதமாக விடியற்காலையில் லோ.வும் நானும் பேசிக்கொண்டே ஓடுகிறோம். வேறு எந்தப் பெண்ணோடும் நான் இவ்வளவு பேசியதில்லை. எனக்குக் கல்யாணம் பேசி வந்த இடங்கள் ஏராளம், நான்தான் வேண்டாம் என்றேன். (இதை நான் மட்டும்தானே வாசிக்கப் போகிறேன். வேண்டாம் என்றது அவர்கள்.)

இன்றும் கோச்சிக் கதை சொன்னேன். இளவயதில் உக்குவளையிலிருந்து மாத்தளை வரை கோச்சியோடு ஓடி, அதற்கு முன் ஸ்டேஷனில் போய் நின்ற கதை.

லோ.: "போன கெழம கூட்ஸ் வண்டின்னு சொன்னீங்க. இன்னைக்கு எக்ஸ்பிரஸா மாறிருச்சா, மாஸ்டர்?"

"ரெண்டையும்தான் ஜெயிச்சேன். வேற வேற நாள்."

"அடுத்த கெழம ஏரோபிளேன் வருமா?"

சிரித்துக்கொண்டே ஓடினாள். மூச்சு வாங்கவே இல்லை. தை மாதத்தில் ஒரு கம்பம் ஓடிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதவள். ஊரெல்லாம் என்னை மாமா என்கிறது. இவள்தான் முதலில் மாஸ்டர் என்றாள், கேலியாக. பிறகு நசீர் நானாவும் அப்படியே கூப்பிடத் தொடங்கினார்.

எனக்கு இடது முழங்காலில் வலி. யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சியாளருக்கு முழங்கால் வலிக்கக்கூடாது.

ஏப்ரல் 11, வெள்ளி

மழை. கடையில் தார்ப்பாய் ஒழுகுகிறது. பால் விடாத பிளேன்டி மூன்று கோப்பை.

நசீர் நானா வந்தார், துணி விற்க அல்ல. பத்தொன்பதாம் திகதி விழாவில் மரதன் ஓட்டம். மரதன் என்று பெயர்தான். சந்தியிலிருந்து பாலம், ரெயில்வே கேட், சுற்றிக்கொண்டு மைதானம். நாங்கள் மூன்று பேரும் பெயர் கொடுத்தாயிற்று. நிற்காமல் ஓடி முடித்தால் மெடிக்கலுக்குத் தைரியம் வரும் என்று லோ.வுக்கு ஒரு கணக்கு.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டா?" என்றார் நானா. "கோச்சிய வென்ட மனிசனுக்கு ஒரு பொம்புளக்கிட்ட ஒரு பேச்சுப் பேச ஏலாதா?"

"என்னா பேச்சு?"

"எனக்குத் தெரியாதுண்டு நெனச்சீங்களா? நான் பின்னுக்கு ஓடி வாரன். முன்னுக்கு நடக்கிற எல்லாம் எனக்குத்தான் தெரியும். போகாதீங்க, இங்க இரிங்க, நான் இரிக்கிறேன்னு சொல்லுங்க. மூணு வசனம்."

"ஏன் நானா, ஒங்களுக்கு வேற வேல இல்லையா?"

"மழைக்குள்ள யாரு சாரம் வாங்க வாரது?"

வருஷப்பிறப்பு அன்று சொல்வதென்று தீர்மானம். நல்ல நாள். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வைத்தேன். அந்தச் சட்டையில் என்னைப் பார்த்தால் நாற்பது மதிப்பார்கள், இருட்டில் முப்பத்தைந்து.

ஏப்ரல் 14, திங்கள். வருஷப்பிறப்பு

வெயில். கோயிலிலிருந்து மருத்துநீர் வாங்கித் தலையில் வைத்து முழுகினேன். வெள்ளைச் சட்டை. பால்சோறு நானே சமைத்தேன், சட்டியின் அடி மட்டும் பிடித்தது. ஊரில் யாரும் அப்படிச் செய்ய முடியாது.

கைவிசேஷ நேரம் பார்த்து வாசலில் லோ. மகளும் கூட. லோ. கையில் வெற்றிலைக் கட்டு. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வெற்றிலையை என் கையில் வைத்துவிட்டுக் குனிந்து காலைத் தொட்டாள்.

"என்னா லோகா இது, எந்திரிங்க."

"இல்ல மாஸ்டர். இந்த வருசம் மொத கைவிசேஷம் ஒங்க கையாலதான் வாங்கணும்னு ரெண்டு பேரும் பேசிட்டு வந்தோம். ஒங்க கை ராசியான கை. நீங்க குடுத்து அனுப்புனா போற காரியம் நடக்கும்."

மகளைப் பார்த்து: "நீயும் மாமா கால்ல விழு."

கைவிசேஷக் காசை ஒரு மூத்தவர் கையால், நல்ல மனசோடு கொடுத்தால்தான் பலிக்கும் என்பார்கள். மனசில் வேறு ஒன்றை வைத்துக்கொண்டு கொடுத்தால் பலிக்காது. நான் என்ன நினைத்துக்கொண்டு கொடுக்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? வெறும் கையைக் காட்டி, இப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

காசை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தேன். நல்ல மனசோடுதான் கொடுத்தேன். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. "போய்ட்டு நல்லபடியா வாங்க" என்றேன். வாயிலிருந்து தானாக வந்தது.

போன பிறகு சட்டையைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தேன். காலில் அவள் தொட்ட இடம்... இதை எழுத வேண்டாம்.

பலகாரம்: கொக்கிஸ், பயித்தம் பணியாரம் (நானா வீட்டிலிருந்து தொதல்). எல்லாவற்றையும் மூடி வைத்தேன்.

ஏப்ரல் 19, சனி

வெயில் கொளுத்தியது. காலையில் வாழைப்பழம் இரண்டு, பிளேன்டி, கருப்பட்டித் துண்டு. லோ.வுக்கும் அதுதான் சொல்லி வைத்தேன்.

இன்று சொல்வதென்று மறுபடியும் தீர்மானம். கைவிசேஷம் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனாலும் ஒரு மனுஷி தெரிந்துகொண்டு போவது வேறு, தெரியாமல் போவது வேறு. பாலத்தில் வைத்துச் சொல்வது. அங்கே நிழல்.

நடந்தது: ஒலிபெருக்கிக்காரர் என் பெயரைச் சொல்லி, "கோச்சியை வென்ற மாமா" என்று சிங்களத்திலும் தமிழிலும் முழக்கினார். சனம் கைதட்டியது. அவ்வளவுதான், என் காலுக்குப் பைத்தியம் பிடித்தது. பள்ளிக்கூடப் பையன்களோடு முன்வரிசையில் பறந்தேன். என் சட்டம் எல்லாம் கதிரைக்கடியில் போனது. வீதியோரத்தில் வீட்டுக்கு வீடு வாளியோடு நின்று தண்ணீர் ஊற்றினார்கள், தோடம்பழம் நீட்டினார்கள். ஒரு கிழவி என் முதுகில் ஊற்றி, "துவன்ன மாமே, துவன்ன!" என்று கத்தினாள். ஓடு மாமா என்கிறாள். ஓடாமல் என்ன செய்வேன்?

பாலத்துக்கு வந்தபோது நெஞ்சு பட்டறை மாதிரி அடித்தது. முழங்கால் பெயர்ந்து விழும் போல. பின்னாலிருந்து லோ. வந்துவிட்டாள். மெதுவாக, ஒரே மாதிரி, நான் பழக்கிய அதே ஓட்டம். முகத்தில் தண்ணீர், தலையில் வெயில்.

"ஏன் மாஸ்டர் இப்படி ஓடுனீங்க?"

"லோகா... நீங்க..."

"சொல்லுங்க."

"நீங்க... போக..."

வரவில்லை. மூன்று வசனத்தில் ஒன்றுகூட வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

அவள் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள். "பேச வரலன்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? மெதுவா வாங்க. நான் நின்னா என் ஓட்டம் நின்னுரும் மாஸ்டர். நான் போறேன்."

போனாள்.

நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது ரெயில்வே கேட்டை மூடினார்கள். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நேரத்துக்கு வந்தே பழக்கமில்லாத கோச்சி இன்றைக்கென்று வந்தது. என் முகத்துக்கு முன்னால் பெட்டி பெட்டியாகப் போனது. நசீர் நானா அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார், நாக்கு வெளியே. என்னைப் பார்த்தார், கோச்சியைப் பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன். என் தோளில் கையை வைத்தார்.

லோ. நிற்காமல் ஓடி முடித்தாள். பெண்களில் நாலாமிடம். பரிசு ஒரு பிளாஸ்டிக் வாளி. அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மகளோடு ஆடினாள். நான் தூரத்தில், என் கதிரை ஒன்றில்.

ஊருக்குச் சொல்லியிருப்பது: கேட் மூடியிருக்காவிட்டால் முதலாமிடம் எனக்குத்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

மந்தாரம். நாளை கண்டியில் மெடிக்கல்.

நானா தெரியாத்தனமாக ஒரு பகிடி விட்டார்: "கருவாட்டுச் சம்பல் ஒரு கட்டு குடுத்து உடுங்க மாஸ்டர். பிரஷர் தானா ஏறும், ஆள் இங்கயே இருப்பா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சந்தையில் கருவாடு வாங்கினேன். சும்மா வாங்கினேன். காய்ந்த மிளகாய், வெங்காயம், தேசிக்காய் போட்டுச் சம்பலும் ஆக்கினேன். நல்ல உப்பு. அவளுக்குக் கருவாடு உயிர், மூன்று மாதமாக நான்தான் தொடவிடவில்லை. வாழையிலையில் கட்டியும் வைத்தேன். சைக்கிளில் தொங்கவிட்டு அவள் வீட்டு ஒழுங்கை வரை போனேன்.

வாசலில் உட்கார்ந்து ஓட்டச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்னா மாஸ்டர், ஏதும் சொல்லணுமா?"

"ராவைக்குக் கஞ்சி குடிங்க. உப்புப் போடாம. வெள்ளன படுங்க."

"சைக்கிள்ல என்னா வாசம் அது?"

"எனக்குச் சாப்பாடு."

வீட்டுக்கு வந்து அவ்வளவையும் நானே தின்றேன். தண்ணீர்க் குடம் காலி. இப்போது என் பிரஷரைப் பார்த்தால் மெசின் வெடிக்கும்.

ஏப்ரல் 23, புதன்

பாஸ்.

டாக்டர் கேட்டாராம், என்ன மருந்து குடித்தீர்கள் என்று. மருந்தில்லை, எங்கள் ஊரில் ஒரு மாஸ்டர் இருக்கிறார் என்று சொன்னாளாம். எனக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேண்டாம். ஊர் முழுக்கச் சொன்னேன், மூன்று டாக்டர்கள் எழுந்து நின்று கேட்டதாக.

கதிரைகளைக் கழுவினேன், கழுவியிருந்ததையும் மறுபடி.

மே 9, வெள்ளி

வெயில், வெசாக் விளக்குக் கூடு கட்டும் வேலை வீதியெல்லாம். மாத்தளை பஸ் நிலையம். லோ., மகள், ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்ன பேக். சின்ன பேக்கில் ஓட்டச் சப்பாத்து. அங்கேயும் ஓடுவாளாம்.

நான் சொன்னது: புது இடத்தில் முதல் கிழமை நடக்க மட்டும் செய்யுங்கள். குளிருக்குக் காலுறை இரண்டு. தனியே ஓடினால் பாட்டாவது பாடுங்கள், வேகம் தெரியும்.

கொழும்பு பஸ் ஸ்டார்ட் ஆனது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"மாஸ்டர். அன்னைக்குப் பாலத்துல என்னமோ சொல்ல வந்தீங்களே. என்னா அது?"

கொண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு நன்றாகவே இருந்தது. நின்றுகொண்டுதானே இருக்கிறேன். மூன்று வசனமும் வாய்க்குள் வரிசையாக நின்றன. மகள் பக்கத்தில். பெட்டி மேலே ஏற்றியாயிற்று. கைவிசேஷம் என் கையால் கொடுத்தது.

"அதுவா? நீங்க போகப்போக குதிகால ஊனுறீங்க, அத ஊனாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் கோச்சிக் கதை சொல்லும்போதும் அப்படித்தான் பார்ப்பாள்.

"சரி" என்றாள். "ஊனல."

மே 10, சனி

மழை பெய்து ஓய்ந்த காலை. வீதி ஈரம். நசீர் நானா வரவில்லை, கடைக்குச் சாமான் வருகிறதாம். பொய். எனக்காக வராமல் இருந்தார்.

தனியே ஓடினேன். கம்பத்துக்குக் கம்பம். முழங்காலுக்குப் பயந்து மெதுவாக. கேட் திறந்திருந்தது, கோச்சி இல்லை. பாலத்தில் ஏறியதும் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். பால் எடுத்துப் போகிற பொடியன் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். பார்க்கட்டும். மூன்று வசனமும் முழுசாக வந்தன, ஒரு இடத்திலும் மூச்சு அறுபடவில்லை.

வேகம் சரி.