உங்கள் பெயர் பொறித்த தட்டு

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

“கர்த்தருக்குள் பிரியமான” என்றுதான் நீங்கள் எந்தக் கடிதத்தையும் தொடங்குவீர்கள். நானும் அப்படித் தொடங்கி அடித்துவிட்டேன். இத்தனை கோபத்தோடு அந்த வார்த்தையை எழுதினால் பொய்யாகிவிடும்.

சேதி இதுதான். நீங்கள் போதகராக இருந்த நம் பழைய சபை, உங்களை வெளியே அனுப்பிய அதே சபை, போன ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு மரியாதை செய்தது. உங்கள் படத்துக்குச் சம்பங்கி மாலை. வாசலில் துணி கட்டி ‘ஏழைகளின் ஐயர்’ என்று எழுதியிருந்தார்கள். நம்மவர்கள் போதகரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் அன்றைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் ‘பிச்சைக்காரங்க ஐயரு’ என்று சிரித்தவர்கள், அதையே இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

தேனியிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். பேசச் சொல்லியிருந்தார்கள், பேசினேன். நீங்கள் சைக்கிளில் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக் குடிசைகளுக்குப் போனதையும், தொழுநோய்க்காரர்களின் புண்ணைக் கழுவிக் கட்டியதையும், அவர்களுக்காக ரேஷன் கடையில் வரிசையில் நின்றதையும் சொன்னேன். கை தட்டினார்கள். உங்களை ஏன் மாற்றினார்கள் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

பிறகு சபைச் செயலர் ஒரு வெள்ளைத் துணியை விலக்கினார். மரத்தட்டு. அதில் வரிசையாகக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் கிண்ணம். இனி திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லோரும் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்க வேண்டாம், ஆளுக்கொரு கிண்ணம், அதுதான் சுகாதாரம் என்றார். தட்டின் விளிம்பில் பித்தளைத் தகடு, தகட்டில் உங்கள் பெயர். அப்பா, உங்கள் நினைவாகச் செய்து வைக்க இவர்களுக்கு உலகத்தில் வேறு பொருளே கிடைக்கவில்லையா?

அந்த நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எனக்குப் பதினைந்து வயது. சபையில் சேர்க்கும் திடப்படுத்தல் சடங்கு முடிந்து என் முதல் திருவிருந்து. அதுவரை குடிசைக்காரர்களுக்குக் கடைசியாக, வாசற்படியில் வைத்துத்தான் கொடுப்பது. அன்றைக்கு நீங்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் வரச் சொன்னீர்கள். நீங்கள் புண் கழுவிக் கட்டிய பேச்சியம்மாள் வந்து பீடத்தின் முன் முழங்காலிட்டாள். கடைக்காரர் வீட்டுப் பெண்கள் ஒருத்தியும் அவள் பக்கத்தில் போகவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். போனேன். அவள் குடித்த பாத்திரம் என் உதட்டருகே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் அழுதாள். “விடு, பிள்ள பயந்துருச்சு” என்று சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

அடுத்த வாரம் கமிட்டிக்காரர்கள் உங்களை மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு மனு எழுதி எடுத்துக்கொண்டு வந்தார்கள். நான் அடுக்களையில் நின்று கேட்டேன்.

“நாங்க குடிக்கலன்னு வருத்தப்படுறீகளே ஐயரே, ஒங்க மகளே குடிக்கலையே?”

அதற்கு உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று மாதத்தில் தேவதானப்பட்டிக்கு அந்தப் பக்கம், பத்து வீட்டுச் சபைக்கு மாற்றல். நம் கட்டிலும் பெட்டியும் லாரியில் ஏறும்போது வழியனுப்ப வந்தது குடிசைக்காரர்கள் மட்டும்தான். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பியே அந்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று அவர்களுக்குத் தெரியாது.

சாகும்வரை அதைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசவே இல்லை. ஏன் அப்பா? நாலு அடி போட்டிருக்கலாமே? மன்னித்துவிட்டீர்களா, இல்லை, இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டீர்களா?

பேச்சியம்மாள் இன்னும் இருக்கிறாள். மாத்திரை சாப்பிட்டு நோய் தீர்ந்து வருஷக்கணக்காகிறது, விரல்கள்தான் போனது போனதுதான். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய திருவிருந்தில் தட்டு அவளிடம் போவதை முன்வரிசையிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தை அவரவரே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் புது முறை. விரலில்லாத இரண்டு கைகளுக்கும் நடுவே அதை இடுக்கிப் பார்த்தாள். வழுக்கியது. மறுபடியும் இடுக்கினாள். மடியில் கவிழ்ந்து, தரையில் விழுந்து உடைந்தது.

“பரவால்ல ஆத்தா, நீ ஜெபம் மட்டும் பண்ணிக்க” என்று சொல்லிவிட்டுச் செயலர் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கழுத்தில் அவர்கள் போட்ட மாலையோடு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் ஒரு கிண்ணத்தைப் பிடித்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? உங்களைப் பற்றி அரை மணி நேரம் வாய் கிழியப் பேசினவள் எழுந்திருக்கவில்லை அப்பா. இரண்டாம் தடவையும்.

ஆராதனை முடிந்து, செருப்பு விடுகிற இடத்தில் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

“ஐயரவுக மகதான நீ? மூக்கு அப்படியே அவுக மூக்கு.”

“கண்ணாடி கையில கிழிச்சிருச்சா?” என்று கேட்டேன்.

“கிழிச்சா மட்டும் இந்த மரத்த கைக்குத் தெரியவா போகுது?” என்று சிரித்தாள். “ஐயரவுக இருந்தப்ப நான் கையால தொடவே வேணாம். அவுகளே பிடிச்சு வாயில வைப்பாக.”

செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே, “அன்னைக்கு நீ கண்ண மூடிக்கிட்ட, ஒனக்குத் தெரியாது தாயி” என்றாள். “ஒனக்கு நீட்டுனத அங்கன வச்சே அவுக குடிச்சாக. நான் வாய் வச்ச பக்கத்துலயே. ஒன் பங்கு வீணாப் போகக் கூடாதுன்னு நெனச்சாக போல. அப்புறந்தான் அடுத்த ஆளுக்குப் போனாக.”

தேனி வரும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். என்ன சொல்ல? கமிட்டிக்காரர்கள் கேட்டபோது நீங்கள் அதைச் சொல்லியிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். நல்லவராக இருந்தது போதாதென்று பேசாதவராகவும் இருந்துவிட்டீர்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வருகிற மாதம் முதல் ஞாயிறு மறுபடி திருவிருந்து. உங்கள் பழைய பாத்திரம் முலாம் போய்ச் சாமான் அறையில் கிடக்கிறதாம். அதை வெளியே எடுக்கச் சொல்லி எழுதினேன். கமிட்டியில் வைக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. வைக்கட்டும். எனக்கு அந்தத் தட்டிலுள்ள ஒரு கிண்ணம் போதும்.

கடைசிப் பெஞ்சில் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்காருவேன். அவளுடைய கிண்ணத்தை நானே பிடித்து அவள் வாயில் வைப்பேன். அவள் பாதி குடித்ததும் மீதியை, அவள் வாய் வைத்த பக்கத்திலேயே, கண்ணைத் திறந்துகொண்டு நான் குடிப்பேன். இது சத்தியம் அப்பா.

உங்கள் பெயர் போட்ட தட்டில் அன்றைக்கு ஒரு கிண்ணம் தொடாமல் மிச்சமிருக்கும். இது யாருடையது என்று கேட்பார்கள். என் பங்கு, அதை என் அப்பா எப்போதோ குடித்துவிட்டார் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட
உங்கள் மகள் சாராள்