மழைப்பாட்டில் மூச்சு நின்ற இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளும் அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, யார் மீதும் எரிந்து விழாமல் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போனில் பிடித்தால் நீ எப்போதும் ஆஸ்பத்திரியில் டியூட்டி மாற்றும் அவசரத்தில் இருக்கிறாய், ம் ம் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். இந்த விஷயத்தை அப்படி அரையும் குறையுமாகச் சொல்ல மனசு வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி. அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, ஆனால் தைலத்தை நான் தேய்த்தால் வலிக்கிறதாம், தானே தேய்த்துக்கொண்டால் பேருக்கு நாலு தடவு தடவிவிட்டு எழுந்துவிடுகிறார். நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. அதைச் சரிபார்க்க வந்தவள் யார் தெரியுமா, நம் ஜாஸ் குழுவில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸபோன் வாசிக்கிறாளே, அந்தப் பெண்தான். லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். குழுவில் எல்லோரும் அவளை லிஃப்ட்காரி என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் சிரித்துக்கொள்கிறாள். இனிமேல் வாய் வைத்து ஊதுகிற எதையும் தொடாதீங்க, பலூன்கூட வேண்டாம் என்று டாக்டர் என் நுரையீரல் படத்தைப் பார்த்துச் சொன்ன பிறகு அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது. அவள் முதல் நாள் அதில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன. ஆனால் கையில் கிரீஸோடு நம் வாசலில் நின்றுகொண்டு, அக்கா ஒண்ணு கேக்கணும், மழைப்பாட்டுல அந்த இடத்துல நிறுத்தித்தான் ஆகணுமா, என் சுரத்தாள்ல அப்படி ஒண்ணும் போடலையே என்று கேட்டாள் பார், எரிச்சலெல்லாம் போய்விட்டது. உனக்கு மூச்சு இருந்தா நீ ஏன் நிறுத்தறே, போயிட்டே இரு என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அந்த ஒரு வார்த்தை அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

எங்கள் குழுவின் வழக்கமெல்லாம் உனக்கு மறந்திருக்கும். அச்சகத்துக்கு மேலே இருக்கிற அதே ஹால்தான், ஞாயிற்றுக்கிழமை மதியம் கச்சேரி முடிந்ததும் தேநீர் வரும், கேட்க வந்தவர்கள் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டதைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு நேரம் என்று அதற்குப் பெயர். வாசித்தவர்கள் அந்த நேரத்தில் கருவியை மடியில் வைத்துக்கொண்டு இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும், யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக்கூடாது. குழுவை ஆரம்பித்த எங்கள் பழைய தலைவர் போட்ட சட்டம் அது. வாசிச்சாச்சு இல்ல, அதுக்கு மேல உனக்கென்ன பேச்சு என்பார். குழுவை விட்டுப் போனவர்களுக்கும் அதே சட்டம்தான், ஒரு தடவை அந்த வரிசையில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் வாய்ப்பூட்டு. இன்னொன்றும் உண்டு. பழைய நாற்காலிக்குப் புதிதாக வருகிறவர் மூன்று கச்சேரி வாசித்த பிறகு, பேச்சு நேரம் முடியும்போது கேட்பவர்கள் கை தூக்குவார்கள். பாதிப் பேருக்கு மேல் தூக்கினால் நாற்காலி அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேட வேண்டியதுதான், அதற்கு மேல் முறையீடு கிடையாது. போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட்காரிக்கு மூன்றாவது கச்சேரி. பழைய தலைவர் காலமான மாதம் என்பதால் முழுக்க முழுக்க அவர் எழுதிய பாட்டுகள், கடைசிப் பாட்டு மழைப்பாட்டு.

அந்தப் பாட்டின் நடுவில் சாக்ஸபோன் தனியாக ஒரு நீளமான வரியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும். உச்சிக்குப் போகப்போகிற நேரத்தில் சட்டென்று நிற்கும். ஒரு கண் சிமிட்டும் நேரம் ஒன்றுமே இருக்காது, டிரம்ஸில் ஒரே ஒரு அடி விழும், அப்புறம் சாக்ஸபோன் கீழேயிருந்து மெதுவாகத் தொடரும். எங்கள் ஒரே இசைத்தட்டில் நான் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். கேட்பவர்கள் அதற்கு அரைநிறுத்தம் என்று பெயர் வைத்து, அது என்னுடைய பாணி என்று முடிவு கட்டி, புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அந்தத் தட்டைப் போட்டுக் காட்டி, இதோ பார் இதோ பார் என்று காதைத் திருகாத குறையாகச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார்கள். பாணியாவது கத்திரிக்காயாவது. அந்தத் தட்டைப் பதிவு செய்த அன்று நீ என் வயிற்றில் ஏழு மாதம். அந்த வரியை நான் மேலே ஏற்றும்போது விலாவில் ஓர் உதை விட்டாய், மூச்சு அப்படியே அறுந்துபோயிற்று. டிரம்ஸில் இருந்தவர், இப்போது குழுவை நடத்துகிறாரே அவர்தான், நான் விழுந்துவிடப்போகிறேன் என்று பயந்துபோய் அந்த ஓட்டையை அடைக்க ஓர் அடி அடித்தார். கேட்டுப் பார்த்த பழைய தலைவர் நல்லாத்தான் இருக்கு, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார். அந்த அடியை டிரம்ஸின் தாளிலும் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு நீ பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய், அத்தனை வருஷமும் நான் நல்ல மூச்சை வைத்துக்கொண்டே அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்தி என்னை நானே காப்பியடித்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட்காரி நிறுத்தவில்லை. நான் சொன்னபடி போய்க்கொண்டே இருந்தாள். டிரம்ஸ் வாசிக்கிற பையனோ தன் தாளில் எழுதியிருக்கிறபடி ஓங்கி ஒன்று போட்டான். அவள் சுரத்தின் மேல் அது பொத்தென்று விழுந்தது, கதவில் விரல் நசுங்கின மாதிரி எனக்கே உடம்பு கூசியது. பேச்சு நேரம் ஆரம்பித்ததும் முதலில் எழுந்தவர் பல் டாக்டர். உனக்குப் பால்பல் பிடுங்கினாரே, நீ அவர் விரலைக் கடித்தாயே, அவரேதான். இப்போது கிளினிக்கை மூடிவிட்டார், மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் கை தூக்கினால் ஹாலில் பாதிக் கை தானாக உயரும், அப்படி ஒரு மரியாதை அவருக்கு. இது மழைப்பாட்டே இல்லைங்க, அந்த நிறுத்தத்தை எடுத்துட்டா மீதி இருக்கறது வெறும் சத்தம், அசல் எங்கே போச்சு என்றார். ரேடியோவில் ஒலிப்பதிவாளராக இருக்கிறவர் உடனே குதித்தார். ஜாஸ்னா அந்த நிமிஷத்துல தனக்கு என்ன தோணுதோ அதை வாசிக்கறது, தட்டுல இருக்கற மாதிரியே வேணும்னா தட்டையே சுத்தவிட்டுட்டு வீட்டுக்குப் போலாமே, இத்தனை பேரு எதுக்கு வேர்க்க விறுவிறுக்க ஊதணும், காப்பியடிக்கறதுதான் போலி என்றார். கெமிஸ்ட்ரி டீச்சர் விடவில்லை. நாலு பேரு உக்காந்து வாசிக்கற ஜாஸ் வேற, இது பிக் பேண்ட், பெரிய குழு, பின்னாடி அத்தனை பேரும் ஒரே மூச்சுல போயிட்டிருக்காங்க, நடுவுல ஒருத்தி எனக்குத் தோணுச்சுன்னு கிளம்பினா மத்தவங்க என்ன பண்ணுவாங்க, அந்த டிரம்ஸ் அடி எங்க விழுந்துச்சுன்னு கேட்டீங்கல்ல என்று பிடித்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து யாரோ, லிஃப்ட் மாதிரி நேரா மேல போயிடறா, நடுவுல ஒரு மாடியிலயாவது நிக்க வேணாமா என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோயிற்று. அந்த அக்கா சொல்லித்தான் செஞ்சேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடலாம், ஆனால் சட்டத்தை மதித்து வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு நாக்கு நமநமவென்றது. இவளுக்கு நாற்காலி போனால் என் வாயால்தான் போகிறது.

எழுந்துவிடலாம் என்று நான் நாற்காலிக் கையைப் பிடிக்கிறேன், அந்த நேரம் பார்த்து பல் டாக்டர் மறுபடி பேச ஆரம்பித்தார். இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது. நான் ஏன் இவ்வளவு சொல்றேன்னா, என் சம்சாரம் கடைசியா என்னைப் பாத்து, ஏங்க அந்த... அப்படின்னு ஆரம்பிச்சா, அதோட மூச்சு நின்னுபோச்சு, அந்த என்னன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, அதுக்கப்புறம் நான் தினம் இந்தத் தட்டைத்தான் போட்டுக் கேக்கறேன், சொல்ல வந்ததை முடிக்காம ஒரு மூச்சு நிக்குது பாருங்க, அது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன், அதைப் போய் எடுத்துட்டா எனக்கு என்னங்க மிச்சம் என்றார். அவருக்கு ஒரே ஆறுதல் அது. அதைப் போய் குழந்தை உதைச்சதுங்க, அவ்வளவுதான் என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் நாற்காலி போகும். இப்போதைய தலைவர் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார், அவருக்கும் எல்லாம் தெரியும், அவருக்கும் வாய்ப்பூட்டு. கை தூக்கறவங்க தூக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அவள் மடியில் இருந்த சாக்ஸபோனின் கழுத்துக் குழாயைக் கழற்ற ஆரம்பித்தாள், தோற்றுவிட்டதாக முடிவு செய்துவிட்டவள் மாதிரி. நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்பா கையைப் பிடித்து இழுத்து, உக்காருடி, சட்டம் தெரியாதா உனக்கு என்று முணுமுணுத்தார். சட்டம் கிடக்கட்டும் என்றேன், அது ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அவளைப் போகச் சொன்னேன் என்பதை முதலில் சொன்னேன். டாக்டரைப் பார்த்து, அது எனக்குத் தெரிஞ்சு வாசிச்சதில்லைங்க, எனக்கு அப்ப ஏழு மாசம், உள்ள இருந்தது உதைச்சுது, மூச்சு போயிடுச்சு, உங்க மனசு கஷ்டப்படும்னு தெரியும், மன்னிச்சிடுங்க என்றேன். ஒலிப்பதிவாளர் சும்மா இருப்பாரா, அக்கா உங்களுக்கே தெரியாம உள்ளுக்குள்ள இருந்த பாணி வெளிய வந்திருக்கும் என்று எனக்கே என்னைப் பற்றி விளக்க வந்தார், உள்ளுக்குள்ள இருந்தது பாணி இல்ல தம்பி, என் பொண்ணு என்றேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு லிஃப்ட்காரியிடம் போய், அம்மா, அந்த வரியை இன்னொரு தடவை வாசிப்பியா, நிறுத்தாம என்று கேட்டார். டிரம்ஸ் பையனிடம், நீ அடிக்காதே ராஜா என்று அவரே சொன்னார்.

தலைவர் கை காட்ட, குழு மொத்தமும் பாட்டின் நடுவிலிருந்து எடுத்தது. அவள் ஏற்றினாள். அந்த இடம் வந்தது, நான் என்னையறியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டேன், அவள் அதைக் கடந்து உச்சிக்குப் போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகு தானாக இறங்கினாள். தட்டைப் பதிவு செய்த அன்றைக்கு நான் வாசிக்க நினைத்தது அதுதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதன் முடிவைக் கேட்டேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார், பாட்டு முடிந்த பிறகும் திறக்கவில்லை. சொல்லி முடிச்சுட்டா என்றார், எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு அவர்தான் முதலில் கை தூக்கினார். நாற்காலி அவளுக்கு என்று ஆயிற்று, கெமிஸ்ட்ரி டீச்சர் மட்டும் கடைசி வரை தூக்கவில்லை, அது அவள் இஷ்டம். வெளியே வரும்போது டாக்டர் என்னிடம், உதைச்ச அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா என்று கேட்டார். தூர தேசத்துல நர்ஸா இருக்கா, உங்க விரலைக் கடிச்சவதான் என்றேன். அவளா என்று சொல்லிச் சிரித்தார், கூடவே கண்ணும் கலங்கியது, ரெண்டு தடவை கடிச்சிருக்கா என்னை என்றார். சட்டத்தை மீறியதற்காகத் தலைவர் எனக்குத் தண்டனை போட்டுவிட்டார், இனி வரும் மூன்று பேச்சு நேரத்துக்கும் நான் வெளியே மாடிப்படியில் உட்கார வேண்டும். சட்டமென்றால் சட்டம்தானே, அப்பாவும் கூட உட்காருவதாகச் சொல்கிறார், அந்த முழங்காலோடு அவர் படியில் எப்படி உட்கார்ந்து எழுந்திருப்பார் என்பதுதான் கவலை.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன தடவை நீ வந்திருந்தபோது பாத்திரம் துடைத்துக்கொண்டே, நான் உன் வயித்துல வராம இருந்திருந்தா நீ எங்கெங்கயோ போய் வாசிச்சிருப்பே இல்லம்மா என்று கேட்டாய். போடி பைத்தியம் என்று சொல்லி நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், நீ ஊருக்குப் போன பிறகு எத்தனையோ நாள் அது என்னை அரித்திருக்கிறது. இப்போது சொல்கிறேன் கேள். அந்தத் தட்டில் நான் மாதக்கணக்கில் உதடு புண்ணாகப் பழகி, யோசித்து யோசித்து வாசித்த இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் பற்றி ஒருவரும் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இவர்கள் பெயர் வைத்து, சண்டை போட்டு, துக்கத்தில் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷம் உயிராக வைத்திருந்தது நீ உதைத்த அந்த ஓர் இடத்தைத்தான். நீ என் வாசிப்புக்குக் குறுக்கே வரவில்லையடி கண்ணு, நீயும் சேர்ந்துதான் வாசித்தாய்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நல்ல மனிதர்களுக்கு நடுவில் நிறைவாக வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் மனசார வாழ்த்துகிறோம். அடுத்த தடவை போனை வைப்பதற்கு முன் அப்பாவிடமும் நாலு வார்த்தை பேசு, ரிசீவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வேறு வேலை பார்ப்பது போல நடிக்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா